நேதாஜி சாகவில்லை: ஒரு சதிக்கோட்பாடு எப்படி உயிர் வாழ்கிறது

சதிக்கோட்பாடு என்ற சொல் இப்போது ரொம்பவே மலிந்துவிட்டது. அரசாங்கத்தைக் கேள்வி கேட்டால் சதிக்கோட்பாடு, மருந்து கம்பெனியைச் சந்தேகப்பட்டால் சதிக்கோட்பாடு, தேர்தலில் தோற்றவர் வாயைத் திறந்தாலே சதிக்கோட்பாடு. இன்னொரு பக்கம், பூமி தட்டை என்று சொல்லித் திரிகிற நாலு பேருக்கு மட்டுமே உரிய வியாதி அது என்றும் ஒரு நினைப்பு. இரண்டுமே சரியில்லை. வங்கியில் கணக்குப் பார்ப்பவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பேரப்பிள்ளைகளுக்கு ஒழுங்காகத் தடுப்பூசி போட்டுக் கூட்டி வரும் பாட்டி என்று எல்லோரிடமும் ஒன்றிரண்டு இருக்கும். மேடையில் சொல்ல மாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, குரலைத் தாழ்த்தி, “வெளியே தெரியாது, ஆனா உள்ள நடந்தது வேற” என்று ஆரம்பிப்பார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1945 விமான விபத்தில் இறக்கவில்லை என்ற நம்பிக்கை. இது வாட்ஸ்அப்புக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. நம்பியவர்களில் பெரும்பாலோர் முட்டாள்களும் இல்லை, கெட்டவர்களும் இல்லை. அவர்கள் சந்தேகப்பட்டதற்குக் காரணமும் இருந்தது. இந்தக் கதையில் கற்றுக்கொள்ள நிறைய இருப்பது அதனால்தான்.

முதலில் ஒரு மோதிரம்

ஒரு வீட்டில் மோதிரம் காணவில்லை. வேலைக்கு வரும் அம்மாதான் எடுத்திருப்பார் என்று வீட்டுக்காரருக்குச் சந்தேகம். அந்த அம்மா அழுதால், “குற்றமுள்ள நெஞ்சு.” அழாமல் நின்றால், “எவ்வளவு அழுத்தம் பார்.” மறுநாள் வேலைக்கு வந்தால், “ஒன்றும் தெரியாதவள் மாதிரி வருகிறாள்.” வராவிட்டால், “பார்த்தாயா, ஓடிவிட்டாள்.” மூன்றாம் நாள் மோதிரம் அரிசி டப்பாவில் கிடைக்கிறது. சரி, முடிந்ததா? முடியவில்லை. “பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட்டாள்.”

சந்தேகப்பட்டது கூடப் பரவாயில்லை. பிரச்சினை என்னவென்றால், என்ன நடந்தாலும் அது சந்தேகத்துக்கே சாட்சியாக மாறுகிறது. மோதிரம் கிடைக்காதது ஒரு ஆதாரம், கிடைத்தது இன்னொரு ஆதாரம். அந்த அம்மா எடுக்கவில்லை என்று காட்ட இந்த உலகத்தில் வழியே இல்லை. தீர்ப்பு முதலில் வந்துவிட்டது, விசாரணை அதற்குப் பின்னால் வேலைக்காரனைப் போல நடக்கிறது. இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

சதி வேறு, சதிக்கோட்பாடு வேறு

சதி என்றால், சிலர் சேர்ந்து, மறைவாக, பிறருக்குத் தீங்கு வரும் ஒரு காரியத்தைத் திட்டமிட்டுச் செய்வது. இது நடக்காத நாடே இல்லை. அமெரிக்காவின் டஸ்கிகீ நகரை ஒட்டி 1932 முதல் 1972 வரை, மேகநோய் என்னும் சிபிலிஸ் வந்த 399 கறுப்பின ஆண்களுக்கு அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை உண்மையான சிகிச்சை கொடுக்காமல் வேடிக்கை பார்த்தது. நடுவில் பெனிசிலின் வந்தது, அதையும் கொடுக்கவில்லை. 2015இல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி மாட்டிக்கொண்டது. புகைச் சோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும் மென்பொருளைச் சுமார் 1.1 கோடி கார்களில் வைத்திருந்தார்கள். 2015க்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

இந்த இரண்டும் எப்படி வெளியே வந்தன? டஸ்கிகீ விஷயத்தை உள்ளே வேலை பார்த்த ஒருவர் பத்திரிகைக்குச் சொன்னார், ஆவணங்கள் இருந்தன. ஃபோக்ஸ்வாகன் காரை ஒரு பல்கலைக்கழகக் குழு சாலையில் ஓட்டிப் புகையை அளந்தது, சோதனைக்கூடத்து எண்ணும் சாலையில் வந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. ஆக, இரண்டையுமே பொய் என்று நிரூபிக்க வாய்ப்பு இருந்தது. ஆவணம் போலியாக இருந்திருக்கலாம், அளவு சரியாக வந்திருக்கலாம். அப்படி வரவில்லை, அதனால் நம்புகிறோம்.

சதிக்கோட்பாடு என்பது, ஒரு நிகழ்ச்சிக்கு வெளியே தெரியாத ஒரு கூட்டத்தின் திட்டமே காரணம் என்று முடிவு செய்துகொண்டு, எதிராக வரும் ஆதாரத்தையும் அந்தத் திட்டத்தின் பகுதியாகவே படிக்கும் விளக்கம். அதன் உள்ளடக்கம் நம்ப முடியாததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதிர் ஆதாரத்தை அது என்ன செய்கிறது என்பதுதான் அடையாளம். ஒரு கூற்று தவறாக இருந்தால் அதைத் தவறு என்று காட்ட வழி இருக்க வேண்டும் என்பதை ‘பொய்ப்பித்தல்’ என்பார்கள். கார்ல் பாப்பர் என்ற தத்துவவாதி இதை அறிவியலுக்கான அளவுகோலாகவே முன்வைத்தார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சதிகள் உண்மையிலேயே நடக்கின்றன. சந்தேகப்படுவது தவறில்லை. எந்த ஆதாரம் வந்தால் சந்தேகத்தைக் கைவிடுவோம் என்பதற்குப் பதில் இல்லாதபோது அது சதிக்கோட்பாடாகிவிடுகிறது.

தைபேயில் என்ன நடந்தது

1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. இந்திய தேசிய ராணுவத்தை நடத்தி வந்த போஸுக்கு இனி அங்கே இடமில்லை. ஆகஸ்ட் 17 அன்று சைகோனிலிருந்து ஜப்பானிய ராணுவத்தின் ஒரு குண்டுவீச்சு விமானத்தில் கிளம்பினார். இடம் குறைவு, அவரோடு ஒருவர்தான் வரலாம் என்றார்கள். கர்னல் ஹபிபுர் ரஹ்மான் ஏறினார். அன்றிரவு வியட்நாமின் டுரான், இன்றைய டா நாங். மறுநாள் மதியம் தைவானின் தைபே. அப்போது தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது, ஊர்ப்பெயர் தைஹோகு.

எரிபொருள் நிரப்பிக்கொண்டு மதியம் 2.30 மணி வாக்கில் மறுபடி மேலே எழும்பியபோது இடப்பக்க எஞ்சின் பழுதாகி, விமானம் விழுந்து தீப்பிடித்தது. உடன் வந்த ஜப்பானியத் தளபதி ஷிடெய் அங்கேயே இறந்தார். போஸ் மேல் பெட்ரோல் தெறித்திருந்தது. பின்வாசல் அடைபட்டுக் கிடக்க, முன்பக்கம் தீயின் வழியாகவே வெளியே வந்தார், உடை முழுக்கப் பற்றிக்கொண்டது. அணைக்கப் போன ரஹ்மானின் கைகளும் வெந்தன. ராணுவ மருத்துவமனையில் டாக்டர் யோஷிமி சிகிச்சை அளித்தார். அன்றிரவு 9 மணிக்கு மேல் உயிர் பிரிந்தது. இரண்டு நாள் கழித்து அங்கேயே தகனம். அஸ்தி செப்டம்பரில் டோக்கியோ போய், ரென்கோஜி என்ற சிறிய புத்தக் கோயிலில் வைக்கப்பட்டது.

இதைச் சொன்னவர்கள் தூரத்தில் இருந்து பார்த்தவர்கள் இல்லை. ரஹ்மான், பிழைத்த ஜப்பானிய அதிகாரிகள், மருத்துவர், மொழிபெயர்ப்பாளர் என்று பக்கத்திலேயே இருந்தவர்கள். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பேரிடம் சொன்னார்கள். சில்லறை விவரங்களில் முரண்பாடு உண்டு. ஒருவர் எட்டு மணி என்பார், ஒருவர் பத்து என்பார். முக்கிய விஷயத்தில் மாறவில்லை.

சந்தேகப்பட நியாயம் இருந்தது

ஆனால் 1945இல் இந்தியாவில் உட்கார்ந்து பத்திரிகை படித்தவரின் இடத்திலிருந்து பாருங்கள். இறந்தவர் யார்? 1941 ஜனவரியில் கல்கத்தாவில் வீட்டுக்காவலில் இருந்தபோது, முகமது ஜியாவுதீன் என்ற பெயரில் இன்சூரன்ஸ்காரர் வேஷம் போட்டு, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி, காபூல் போய், அங்கிருந்து ஆர்லாண்டோ மசோட்டா என்ற இத்தாலியப் பெயரில் பெர்லின் போய்ச் சேர்ந்த மனிதர். 1943இல் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பி, மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறியவர். இப்படிப்பட்டவர், ஜப்பான் தோற்ற மூன்றாம் நாள், ஆங்கிலேயர் பிடிக்கக் காத்திருக்கும் நேரத்தில், விமான விபத்தில் இறந்தார் என்றால்? செய்தியும் ஐந்து நாள் தாமதமாக, ஆகஸ்ட் 23 அன்று, ஜப்பானியச் செய்தி நிறுவனம் வழியாகத்தான் வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. பலருக்கு இது மறந்துவிட்டது. 1942 மார்ச்சிலேயே போஸ் விமான விபத்தில் இறந்துவிட்டதாக ஒரு செய்தி வந்தது. காந்தி அவருடைய தாயாருக்கு இரங்கல் தந்திகூட அனுப்பினார். அப்புறம்தான் அது பொய் என்று தெரிந்தது. ஒருமுறை ‘செத்துப் பிழைத்த’ ஆள் அவர்.

அதனால் சந்தேகம் எல்லாப் பக்கமும் இருந்தது. வைஸ்ராய் வேவல், ஜப்பானியர் அறிவித்தது உண்மைதானா என்று பலத்த சந்தேகம் இருப்பதாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார். ஆங்கிலேய உளவுத்துறையே ஆள் அனுப்பி விசாரித்தது. காந்தியும் நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று தன் உள்ளுணர்வு சொல்வதாக வெளியில் பேசினார்.

காந்தி அடுத்துச் செய்ததுதான் முக்கியம். 1946 வசந்த காலத்தில் ஹரிஜன் பத்திரிகையில் இதைப் பற்றியே எழுதினார். முன்பு ஒருமுறை மரணச் செய்தி பொய்யானதால் தனக்கு அப்படித் தோன்றிவிட்டது, தன் உள்ளுணர்வைத் தவிர வேறு ஆதாரம் தன்னிடம் இல்லை, சொன்னதை மறந்துவிட்டு கண்முன் உள்ள ஆதாரத்தை ஏற்று நேதாஜி நம்மை விட்டுப் போய்விட்டார் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். சந்தேகத்தை எப்படிக் கீழே வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அவர் பேசியது எல்லோருக்கும் நினைவிருந்தது. பின்வாங்கியது பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

விசாரணை வந்தது, சந்தேகம் வளர்ந்தது

1956இல் நேரு அரசு ஷா நவாஸ் கான் தலைமையில் மூவர் குழு அமைத்தது. ஷா நவாஸ் கானே இந்திய தேசிய ராணுவத்தில் போஸின் கீழ் இருந்தவர். குழுவில் இருவர், விபத்தில் இறந்தார் என்றார்கள். மூன்றாமவர் போஸின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ், அவர் மறுத்துத் தனியாக அறிக்கை எழுதினார். சரியான குறை ஒன்றும் சொல்லலாம்: அந்தக் குழு தைவானுக்கே போகவில்லை, இந்தியாவுக்கு அந்த அரசோடு உறவு இல்லை என்பதால். 1970இல் கோஸ்லா ஆணையம் வந்தது, அவர் தைபே போய்ப் பார்த்தார், 1974இல் அதே முடிவுக்கு வந்தார். 1999இல் நீதிபதி முகர்ஜி ஆணையம். 2005இல் அவர் கொடுத்த அறிக்கை வேறு: போஸ் இறந்துவிட்டார், ஆனால் அந்த விபத்தில் இறக்கவில்லை. மத்திய அரசு அதை ஏற்கவில்லை.

முகர்ஜி முக்கியமாகப் பிடித்துக்கொண்டது, அந்த நாட்களில் அங்கே விபத்து நடந்ததாகத் தங்களிடம் பதிவு இல்லை என்று தைவான் அதிகாரிகள் சொன்னதை. கேட்டவுடன் திடுக்கிட வைக்கும் விஷயம். ஆனால் 1945 ஆகஸ்டில் அந்த விமானத்தளம் ஜப்பானிய ராணுவத்தின் கையில் இருந்தது. இன்றைய தைவான் அரசு மரபு அங்கே பொறுப்பேற்றது அந்த ஆண்டு அக்டோபரில். முந்தைய குடியிருப்புக்காரரின் பால் கணக்கு புதிதாகக் குடிவந்தவரிடம் எப்படி இருக்கும்?

இப்போது நம்பிக்கையாளர் ஒவ்வொன்றையும் எப்படிப் படித்தார் என்று கவனியுங்கள். ரஹ்மானின் வெந்த கைகளைக் காட்டினால், நேதாஜிக்குச் செய்துகொடுத்த சத்தியத்துக்காக அவர் பொய் சொல்கிறார். சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால், சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சின்ன முரண்பாடு வந்தால், பொய் வெளியே வந்துவிட்டது. ரஹ்மான் கொண்டுவந்து கொடுத்த தீயில் கருகிய கைக்கடிகாரம் சதுரமாக இருந்தது. நேதாஜி கட்டுவது வட்டக் கடிகாரம் அல்லவா என்று ஒரு பெரிய வாதம் கிளம்பியது. ஒரு மனிதரிடம் இரண்டு கடிகாரம் இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் பிடிக்கவில்லை. ஆணையம் விபத்து என்றால் அரசாங்கத்தின் ஆணையம். விபத்து இல்லை என்றால் நேர்மையான நீதிபதி.

விபத்து பொய் என்றால், பிறகு அவர் எங்கே போனார்? இதற்குப் பதில்கள் பல. சோவியத் யூனியனுக்குப் போய் அங்கே சைபீரியச் சிறையில் இறந்தார் என்றார்கள். சீனாவில் இருக்கிறார் என்றார்கள். வங்காளத்தின் ஷோல்மாரி ஆசிரமச் சாமியார்தான் அவர் என்று அறுபதுகளில் பரபரப்பு. எல்லாவற்றையும்விட நீண்டு நிற்பது உத்தரப் பிரதேசத்தின் ஃபைசாபாத்தில் திரைக்குப் பின்னாலிருந்தே பேசி, 1985 செப்டம்பரில் இறந்த கும்நாமி பாபா. அவருடைய பெட்டிகளில் போஸ் குடும்பத்தின் படங்களும் புத்தகங்களும் கிடைத்தன. பல்லை எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள், பொருந்தவில்லை. அந்த மாநில அரசு அமைத்த சஹாய் ஆணையமும் அவர் போஸ் இல்லை, போஸின் தொண்டராக இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டது. நம்பிக்கையாளர் என்ன சொன்னார் என்று நீங்களே ஊகிக்கலாம். பல்லை மாற்றிவிட்டார்கள்.

சைபீரியாவில் இறந்தவர் ஃபைசாபாத்தில் இறக்க முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில் ‘இருக்கலாம்’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் உண்மையில் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று: அரசாங்கம் சொன்னது பொய். அதற்கு மேலே எந்தக் கதையை வைத்தாலும் நிற்கும்.

தமிழ்நாட்டில் இந்த நம்பிக்கைக்கு ஒரு பெரிய குரல் இருந்தது. போஸ் தொடங்கிய ஃபார்வர்டு பிளாக்கின் தலைவர்களில் ஒருவரான முத்துராமலிங்கத் தேவர், நேதாஜி உயிரோடு இருக்கிறார், தனக்கு அவரோடு தொடர்பு உண்டு என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தார். ஷா நவாஸ் குழு அவரைக் கேட்டபோது, நேதாஜியின் பெயர் இன்னமும் போர்க்குற்றவாளிகள் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் அரசு சொல்லட்டும் என்றார். ஆதாரம் கொடுக்கவில்லை. அவர் சொன்ன காரணத்தில் ஒரு தர்க்கம் இருக்கிறது: இருக்கும் இடத்தைச் சொன்னால் ஆபத்து. அதே காரணம்தான் அந்தக் கூற்றை யாராலும் சோதிக்க முடியாததாகவும் ஆக்கியது. மலாயா தோட்டங்களிலிருந்து தேசிய ராணுவத்துக்குப் போன ஆயிரக்கணக்கான தமிழர்களின் குடும்பங்களில் தலைவர் திரும்பி வருவார் என்ற எண்ணம் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பகுதியின் சாரம்: புதிய விசாரணைகள் சந்தேகத்தைத் தீர்க்காமல் போனதற்குக் காரணம் அவற்றின் குறை மட்டும் இல்லை. வருவது எதுவானாலும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு ஏற்கெனவே தயாராக இருந்தது.

மனதுக்கு ஏன் இது பிடிக்கிறது

ஒரு காரணத்தை உளவியலாளர்கள் ‘அளவுக்கேற்ற காரணம் தேடும் சாய்வு’ என்பது போல் விளக்குகிறார்கள். பெரிய விளைவுக்குப் பின்னால் பெரிய காரணம் இருந்தே ஆக வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. 1979இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஒரு ஜனாதிபதியைச் சுடும் கற்பனைச் சம்பவத்தைக் கொடுத்தார்கள். குண்டு பட்டு அவர் இறந்தார் என்றால் பின்னால் ஒரு கூட்டம் இருந்திருக்கும் என்று நினைக்கிறார்கள், குறி தப்பியது என்றால் தனி ஆள் என்று நினைக்கிறார்கள். சுட்டவன் செய்தது இரண்டிலும் ஒன்றுதான். ஒரு சாம்ராஜ்யத்தையே எதிர்த்தவரை ஒரு பழைய எஞ்சின் கொன்றுவிட்டது என்பதை மனம் ஏற்க மறுப்பதும் இதே வகை.

இரண்டாவது, திரும்பத் திரும்பக் கேட்டது உண்மை போலத் தோன்றும். 1977இல் இதைச் சோதித்தார்கள். சில வாரங்கள் இடைவெளியில் மாணவர்களிடம் அதே கூற்றுகளைக் கலந்து கொடுத்தபோது, மறுபடி வந்தவற்றை உண்மை என்று கூடுதலாக மதிப்பிட்டார்கள், அவை பொய்யாக இருந்தாலும். நேதாஜி விஷயத்தை ஒருவர் பத்து வயதில் அப்பாவிடமும், இருபதில் வாத்தியாரிடமும், ஐம்பதில் கைப்பேசியிலும் கேட்டிருப்பார்.

மூன்றாவதாக, பிரியம். இதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

ஒளித்து வைத்தால் முளைக்கும்

இங்கே அரசாங்கத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். என் கணிப்பில் பெரிய பங்கு அதுதான். நேதாஜி பற்றிய கோப்புகள் பல பத்தாண்டுகள் ரகசியமாகவே கிடந்தன. கேட்டால், வெளியிட்டால் வெளிநாட்டு உறவு பாதிக்கும் என்று பதில். இப்படி ஒரு பதிலைக் கேட்ட சாமானியன் என்ன நினைப்பான்? கடைசியில் 2015 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு 64 கோப்புகளையும், 2016 ஜனவரி 23 அன்று மத்திய அரசு 100 கோப்புகளையும் வெளியிட்டன. விபத்தைப் பொய்யாக்கும் எதுவும் அவற்றில் வரவில்லை.

வேறொன்று வந்தது. 2015இல் வெளிப்பட்ட ஆவணங்களின்படி, சுதந்திர இந்தியாவின் உளவுத்துறை 1948 முதல் 1968 வரை போஸ் குடும்பத்தினரை வேவு பார்த்திருக்கிறது, கடிதங்களைப் பிரித்துப் படித்திருக்கிறது. இது கோட்பாடு அல்ல, நடந்தது. இதைக் கேட்டவுடன் ‘அப்படியானால் மற்றதும் உண்மைதான்’ என்று தாவுகிறது மனம். வேவு பார்த்தது, அரசுக்கு அந்தக் குடும்பத்தின் அரசியல் மேல் பயம் இருந்தது என்பதைக் காட்டுகிறது. விமானம் விழவில்லை என்பதைக் காட்டவில்லை. நேதாஜி இருக்கிறாரா என்று அரசுக்கே உறுதி இல்லாததால்தானே வேவு என்று ஒருவர் கேட்கலாம், நல்ல கேள்வி. ஆனால் அரசின் சந்தேகமும் சந்தேகம்தான், ஆதாரம் ஆகாது.

உண்மையான ஒரு சதி எத்தனை பொய்களுக்கு உரமாகும் என்பதற்குப் பாகிஸ்தானில் கொடூரமான உதாரணம் உண்டு. 2011இல் பின் லேடனைத் தேடியபோது, அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ அபோட்டாபாத்தில் ஒரு போலித் தடுப்பூசி முகாமை ஏற்பாடு செய்தது. போலியோ சொட்டு மருந்து மேலைநாட்டுச் சூழ்ச்சி என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வதந்திக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இனித் தடுப்பூசித் திட்டங்களைப் போர்வையாகப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014இல் வெள்ளை மாளிகை அறிவித்தது. அதற்குள் சொட்டு மருந்து போடப் போன பல பணியாளர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். நம் ஊரிலும் 2017இல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போது வாட்ஸ்அப் செய்திகளை நம்பி நிறையப் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பத் தயங்கினார்கள், முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது.

சிப் ஏன் செத்தது, நேதாஜி ஏன் வாழ்கிறார்

2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டு வந்தபோது, அதில் நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் சிக்னல் வரும் என்று பரவியது. தொலைக்காட்சியிலேயே விளக்கினார்கள். அரசும் ரிசர்வ் வங்கியும் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது ஒரு பக்கம். நோட்டு எல்லார் கையிலும் இருந்ததால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், தண்ணீரில் நனைத்தார்கள், சிலர் கிழித்தும் பார்த்தார்கள். காகிதம்தான். சில வாரங்களில் அது வெறும் நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது.

நேதாஜி விஷயத்தில் கையில் எடுத்துப் பார்க்க ஒன்றுமில்லை. சாட்சி ஜப்பானில், விபத்து நடந்த இடம் தைவானில், கோப்பு டெல்லியில். தூரத்தில் இருக்கும் ஆதாரத்தை யாரோ ஒருவரின் பேச்சை நம்பித்தான் ஏற்க வேண்டும். அந்த யாரோ மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் ஆதாரமும் போச்சு.

இதற்கு மேல் அந்தரங்கம் என்ற பாதுகாப்பும் சேர்கிறது. வெளியில் சொன்னால் யாராவது மறுத்துப் பேசுவார்கள், கடிகாரத்தைப் பற்றிக் கேட்பார்கள், சைபீரியாவா ஃபைசாபாத்தா என்று நெருக்குவார்கள். மனதுக்குள்ளேயோ, ஒத்த கருத்துள்ள நாலு பேர் நடுவிலோ வைத்திருந்தால் ஒரு கேள்வியும் வராது. நம்புபவருக்கும் செலவில்லை. வாழ்க்கையில் எந்த முடிவும் அதைப் பொறுத்து எடுக்க வேண்டியதில்லை. நேதாஜி 1945இல் இறந்தாரா 1985இல் இறந்தாரா என்பதை வைத்து யாரும் வீட்டுக்கடன் வாங்குவதில்லை. தடுப்பூசி போன்ற விஷயங்களில்தான் அதே பழக்கம் விலை கேட்கிறது.

ஆகவே ஒரு கோட்பாட்டின் ஆயுள் அது எவ்வளவு நம்பும்படியாக இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. சோதித்துப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறதா, வெளியே பேசப்படுகிறதா என்பதைப் பொறுத்தது.

இன்னும் மிச்சமிருக்கும் ஒரு சோதனை

ரென்கோஜி கோயிலில் அந்த அஸ்தி இன்றும் இருக்கிறது. பல ஆண்டுகள் அதன் பராமரிப்புக்கு இந்திய அரசு பணம் கொடுத்து வந்ததையும் கோப்புகள் காட்டுகின்றன. விபத்தில்தான் இறந்தார் என்று அதிகாரப்பூர்வமாகச் சொல்லிக்கொண்டே அஸ்தியை மட்டும் எந்த அரசும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் நம்பாதவர்கள் கோபப்படுவார்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கே நம்பாதவர்களுக்கு இன்னொரு ஆதாரம்.

போஸின் மகள் அனிதா போஸ் பாஃப் ஜெர்மனியில் வாழ்கிறார். தந்தை 1945 ஆகஸ்ட் 18 அன்று இறந்தார் என்பது அவருடைய முடிவு. அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டு வாருங்கள், சந்தேகம் இருந்தால் மரபணுச் சோதனை செய்யுங்கள் என்று கேட்டு வருகிறார். சோதனை பொருந்தினால் ‘அஸ்தியை மாற்றிவிட்டார்கள்’ என்று ஒரு தரப்பு சொல்லும். பொருந்தாவிட்டாலோ, மரபணுவே கிடைக்காவிட்டாலோ, ‘தகனச் சூட்டில் அழிந்திருக்கும்’ என்று மற்றத் தரப்பு சொல்லும். தகனச் சூட்டில் மரபணு அழிவது உண்மைதான், ஆனாலும் விடை தெரிந்த பிறகு சொன்னால் அதுவும் மோதிரக் கதைதான். சோதனைக் குழாயைத் திறக்குமுன், எந்த விடைக்கு எதை ஒப்புக்கொள்வோம் என்று இரண்டு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.